சிவகாசி வெயிலில் ஒரு துண்டு சாக்லேட்

தீபாவளி நெருங்கினால் எங்கள் பக்கம் இரண்டு விதமான லட்சுமி வெடி விற்பனைக்கு வரும். ஒன்றைப் பற்ற வைக்க வேண்டும், இன்னொன்றைத் தின்ன வேண்டும். சங்குச்சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு என்று எல்லாவற்றுக்கும் இப்போது சாக்லேட் அச்சு கிடைக்கிறது. திருத்தங்கலிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் வீட்டு அடுப்படியிலேயே இதைச் செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி.

எனக்கு அட்டைப்பெட்டித் தொழில். போர்டு வாங்கி, அச்சுக்குக் கொடுத்து, லேமினேஷன் போட்டு, டையில் வெட்டி, ஒட்டிக் கட்டி அனுப்புவோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் பின்னாலேயே வந்தது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. குச்சி காய்வதற்கும் மருந்து காய்வதற்கும் மை காய்வதற்கும் இதைவிடத் தோதான பூமி கிடையாது. அதே வெயில்தான் சாக்லேட்டுக்கு எமன். நல்ல சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது.

பிறகு ஏன் நான் சாக்லேட்டின் பின்னால் திரிகிறேன் என்றால், எல்லாம் பெட்டியின் பின்பக்கத்தால்தான். முன்பக்கத்தில் என்ன போடுவது என்பது வாடிக்கையாளரின் ஆசை. பின்பக்கத்தில் என்ன போடுவது என்பது சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவம் என்றால் பச்சை வட்டம், தயாரித்த நாள், அதற்குமேல் முக்கியமாக, உள்ளே சேர்ந்த பொருள்களின் பட்டியல். அந்தப் பட்டியல் எடை வரிசைப்படி இருக்க வேண்டும். எது அதிகமோ அது முதலில். ப்ரூஃப் பார்க்கும்போது அந்தப் பொடி எழுத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பவள் ஊரில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

ஒரு முறை ஓர் அண்ணாச்சி மலையில் இருக்கும் தன் கடைக்குப் பெட்டி கேட்டு வந்தார். முன்பக்கம் தங்க ஃபாயிலில் ‘பியூர் ஹோம்மேட் சாக்லேட்’. பின்பக்கத்துக்கு அவர் கொடுத்த பட்டியலில் முதலில் சர்க்கரை, இரண்டாவது ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு, அதன் பிறகுதான் கோகோ தூள்.

“அண்ணாச்சி, முன்னாடி பியூர்னு போட்டுட்டு, பின்னாடி வனஸ்பதின்னு போட்டா நல்லாவா இருக்கும்?”

“பின்னாடி யாரும்மா படிக்கப்போறா? நீ ஃபாயில் மங்காமப் பாத்துக்க.”

ஃபாயில் மங்காமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. எங்கே போனாலும் சின்ன சாக்லேட் கடையைக் கண்டால் உள்ளே போய், பெட்டியைத் திருப்பிப் படித்து, ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுவிட்டுத்தான் நகருவேன்.

கோகோ விதையைப் பிழிந்தால் பாதிக்குப் பாதி கொழுப்பு. அதற்குக் கோகோ வெண்ணெய் என்று பெயர். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விதையிலேயே இருப்பது. சாதாரண அறைச்சூட்டில் கெட்டியாக நிற்கும், வாய்ச்சூட்டில் கரைந்து ஓடும். இப்படிப்பட்ட கொழுப்பு இயற்கையில் அபூர்வம். அழகுசாதனக் கம்பெனிகளும் இதைத் தேடுவதால் விலை கூடுதல். அதனால் இதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாமாயில் வகையைக் கெட்டியாக்கிப் போட்டு, கோகோ தூளும் சர்க்கரையும் கலந்து செய்வதுதான் ‘காம்பவுண்ட்’. பேக்கரி சாமான் கடைகளில் கட்டி கட்டியாகக் கிடைக்கும். வாங்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, முந்திரியோ திராட்சையோ போட்டு, அச்சில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஆயிற்று. ஊட்டி, கொடைக்கானலில் ‘ஹோம்மேட்’ என்று கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பதில் பெரும்பகுதி இதுதான். எங்கள் பக்கத்து லட்சுமி வெடி சாக்லேட்டும் இதுதான்.

இதில் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். திருத்தங்கலில் எனக்குத் தெரிந்த பெண்ணிடம் கேட்டேன். “அக்கா, நான் அசல் சாக்லேட்டுல புஸ்வாணம் செஞ்சா, பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள அது நெசமாவே புஸ்வாணம் ஆயிரும்” என்றாள். அவள் சொல்வது நியாயம். காம்பவுண்ட் இன்னும் கொஞ்சம் அதிகச் சூட்டைத் தாங்கும், அச்சிலிருந்து பளிச்சென்று கழன்று வரும், பிள்ளைகள் கையில் உடனே பிசுபிசுக்காது. அவள் பெட்டியில் ‘பியூர்’ என்றும் போடச் சொல்லவில்லை.

வித்தியாசத்தை வாய்தான் சொல்லும். காம்பவுண்ட் துண்டைத் தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் தங்கும். நாக்கால் துழாவினாலும் போகாது. கோகோ வெண்ணெய் மிச்சம் வைக்காமல் இறங்கிவிடும். கடையில் வாயில் போடுவதற்கு முன்னாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். துண்டை விரல் நுனியில் பிடித்தபடி கடைக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். பேசி முடிப்பதற்குள் விரலில் ஒட்டினால் நல்ல அறிகுறி. இரண்டாக உடைக்கும்போது ‘டக்’கென்று சத்தம் வரவேண்டும், உடைந்த விளிம்பு மண்கட்டிபோல் உதிரக்கூடாது.

கொடைக்கானல் எங்களுக்குப் பக்கம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு, பிறகு மலை. ஏழு ரோடு சந்திப்பைச் சுற்றியும் ஏரிக்குப் போகும் வழியிலும் சாக்லேட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, ருசி பார்க்க உடைந்த துண்டைக் கையில் கொடுப்பார்கள். தாராளம்தான். ஆனால் அதே மேசையில் தைலம், மிளகு, ஏலம், கிராம்பு, பூண்டு. வாங்கி வந்த சாக்லேட்டில் லேசாக யூகலிப்டஸ் வாடை அடிக்கிறதே என்று நீங்கள் நினைத்திருந்தால், அது பிரமை இல்லை.

இதை எங்கள் தொழில்காரர்கள் நன்றாக அறிவார்கள். கொழுப்புப் பண்டம் எதுவும் பக்கத்தில் உள்ள வாடையை இழுத்துக்கொள்ளும், சாக்லேட் அதில் முதல் வரிசை. புதிதாக அச்சடித்த அட்டையில் மை வாடை இருக்கும், வார்னிஷ் வாடை இருக்கும். அதை அப்படியே பெட்டியாக்கி சாக்லேட் அடைத்தால் நாலே நாளில் சாக்லேட்டில் அச்சாபீஸ் மணக்கும். அட்டையைச் சோதிக்க உலகம் முழுக்க ‘ராபின்சன் சோதனை’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அட்டைத் துண்டுகளையும் துருவிய சாக்லேட்டையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு மூடிய ஜாடிக்குள் வைப்பார்கள். அட்டையே இல்லாமல் வெறும் சாக்லேட் மட்டும் இன்னொரு ஜாடியில். குறித்த நேரம் கழித்துத் திறந்து, நாக்குப் பழகிய ஆட்கள் இரண்டையும் ருசி பார்த்து, வேறுபாட்டுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடுவார்கள். அட்டையின் யோக்கியதையைச் சொல்லும் சாட்சி சாக்லேட்! எங்கள் பட்டறையில் ஜாடியும் ஆய்வுக்கூடமும் இல்லை. சாக்லேட் பெட்டி என்றால் அச்சான தாளை மின்விசிறிக் காற்றில் சில நாள் ஆறப்போட்டு, மூக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் ஒட்டவே விடுவேன். உள்ளே தனியாக அலுமினியத் தாளும் வேண்டும்.

அதே கொடைக்கானலில், முக்கியச் சாலையை விட்டு ஒதுங்கிய ஒரு சின்னக் கடையில்தான் முதன்முதலில் சாக்லேட்டைப் பதம் பண்ணுவதைக் கிட்ட நின்று பார்த்தேன். கடை என்றால் முன்னறை மட்டும்தான், பின்னால் வீடு. நடுவில் ஒரு சலவைக்கல் மேசை. நடுவயது அம்மா ஒருவர், கையில் கொத்தனார் கரண்டிபோல அகலமான தகடு. ஏறத்தாழ 45, 50 டிகிரிக்குச் சூடேற்றிய சாக்லேட்டில் பெரும்பகுதியைக் கல்லின் மேல் ஊற்றினார். கருப்பு ஏரியாக அது பரவியது. தகட்டால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளுவதும், திரும்ப நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்பதுமாகக் கை ஓய்வில்லாமல் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஓட்டம் குறைந்து, தகட்டிலிருந்து விழும் சாக்லேட் உடனே கலந்துவிடாமல் மேலே கோடாக நின்றது. “இப்பப் பாருங்க” என்று ஒரு துளியைத் தன் கீழுதட்டில் வைத்துக்கொண்டார். வெப்பமானி பக்கத்திலேயே இருந்தது, அதற்கு அவர் திரும்பவில்லை. குளிர்ச்சி போதும் என்று உதடு சொன்னதும், மொத்தத்தையும் வழித்து, சூடாக ஒதுக்கி வைத்திருந்த மிச்சத்தோடு சேர்த்துக் கலக்கினார்.

எதற்கு இவ்வளவு பாடு? கோகோ வெண்ணெய் கெட்டியாகும்போது ஆறு விதமான படிகமாக உறைய முடியும். அதில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பும் ‘டக்’ சத்தமும் வாயில் கரையும் குணமும் கொடுப்பது. அப்படியே ஆறவிட்டால் பல விதமும் கலந்து, மேலே சாம்பல் பூத்து, சுண்ணாம்புபோல் ஆகிவிடும். கருப்புச் சாக்லேட்டை 27, 28 டிகிரி வரை இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றினால் ஐந்தாவதைத் தவிர மற்றவை உருகி மறைந்துவிடும். காம்பவுண்டுக்கு இந்த வேலையே கிடையாது. ஹோம்மேட் கடைக்குப் போனால் சலவைக்கல் மேசையோ, பதம் பண்ணும் சின்ன இயந்திரமோ கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அந்த அம்மாவும் கோகோ விதையிலிருந்து செய்யவில்லை. அசல் கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட் கட்டியை வாங்கித்தான் உருக்கினார். கேட்டதும் மறைக்காமல் சொன்னார். விதையிலிருந்தே தொடங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் ஆனைமலைப் பக்கம் போகச் சொன்னதும் அவர்தான்.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிர். இந்தியாவில் இதைப் பரப்புவதற்குக் கேட்பரி நிறுவனம் 1965இல் வயநாட்டில் மாதிரித் தோட்டம் போட்டது. பிறகு கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு என்று நான்கு மாநிலங்களில் வேரூன்றியது. விவசாயிகள் நெடுங்காலம் விதையைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றதோடு சரி, அது என்ன ஆகிறது என்று ருசி பார்த்ததுகூட இல்லை. தோப்புக்குள் நுழைந்தால் தென்னை நிழலில் இன்னொரு நிழல். காய் கிளை நுனியில் தொங்காது. பலாபோல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், மஞ்சளும் சிவப்புமாக. அணில் கடித்துக் குடைந்துபோட்ட காய்கள் தரையெல்லாம் கிடந்தன. தோப்புக்காரர் ஒன்றைத் தடியால் தட்டிப் பிளந்து நீட்டினார். வெள்ளைச் சதை போர்த்திய விதைகள் முப்பது நாற்பது. சதை இனிப்பும் புளிப்புமாக வாயில் வழுக்கியது. விதையைக் கடித்துவிட்டேன். உள்ளே கத்தரிப்பூ நிறம், கசப்பு தாங்கவில்லை. சாக்லேட்டின் சுவடே அதில் இல்லை.

சாக்லேட் சுவை பிறப்பது புளிக்க வைக்கும் இடத்தில். மரப்பெட்டியில் சதையோடு கொட்டி, சாக்கோ வாழையிலையோ போட்டு மூடி, ஐந்திலிருந்து ஏழு நாள். இடையிடையே கிளறிவிடுவார்கள். காற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சதையைத் தின்று குவியலைக் கொதிக்கவைக்கும், 45, 50 டிகிரி தாராளமாக ஏறும். பெட்டிக்குள் கையை நுழைத்தேன், சட்டென்று வெளியே எடுக்க வேண்டியிருந்தது. காடி வாடை மூக்கைக் குத்தியது. அந்தச் சூட்டில் விதையின் முளை செத்து, உள்ளே உள்ள கசப்புச் சத்துகள் மாறி, கத்தரிப்பூ நிறம் பழுப்பாகும். பிறகு வெயிலில் ஒரு வாரம் காய்ச்சல். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களின் விதையை எவ்வளவு பெரிய கைகாரர் வறுத்தாலும் உருப்படாது என்றார் தோப்புக்காரர்.

இப்படித் தோட்டத்திலிருந்தே தொடங்கிச் சாக்லேட் வரை தாங்களே செய்கிறவர்கள் நம் பக்கமே இருக்கிறார்கள். ஆனைமலையில் உள்ள ரீகல் பிளாண்டேஷன்ஸ் தோட்டத்திலிருந்து வருகிறது ‘சோக்லெட்’. ஆரோவில்லில் ஜேன் மேசனும் ஃபேபியன் போன்டெமும் தொடங்கிய ‘மேசன் அண்ட் கோ’ தென்னிந்தியத் தோட்டங்களின் விதையை வாங்கிச் செய்கிறது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி, 2012இல் மைசூரில் டேவிட் பெலோ தொடங்கிய ‘எர்த் லோஃப்’, இப்போது ‘நவிலுனா’ என்ற பெயரில் இருக்கிறது. இவர்கள் பெட்டிகளின் பின்பக்கத்தைப் படித்தால் எனக்கு வேலையே இல்லை. கருப்புச் சாக்லேட் என்றால் கோகோ, சர்க்கரை, சிலவற்றில் கூடுதலாகக் கோகோ வெண்ணெய். அவ்வளவோடு பட்டியல் முடிந்துவிடும்.

வறுத்து, உடைத்து, தோல் நீக்கிய பருப்பை அரைக்கும் இடத்தில் நமக்கெல்லாம் பரிச்சயமான ஒரு ஆசாமி உட்கார்ந்திருக்கிறார். கோயம்புத்தூர் கிரைண்டர்! முதலில் நான் நம்பவில்லை. உருண்டைக் கல் இரண்டு, அடியில் கருங்கல் தட்டு, சுற்றிலும் எவர்சில்வர் பாத்திரம், இட்லி மாவு அரைப்பதேதான். 1950களில் கோவையில் பிறந்து, 2005-06இல் புவிசார் குறியீடும் வாங்கிய பொருள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜான் நான்சி என்பவர் வீட்டிலேயே விதையிலிருந்து சாக்லேட் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். அதுவரை சாக்லேட் அரைக்கும் இயந்திரம் என்றால் தொழிற்சாலை அளவுதான், சின்ன ஆள் தொட முடியாது. அவர் கண்ணில் பட்டது கோவை சாந்தா நிறுவனத்தின் மேசைக் கிரைண்டர். மாவுக்கு அரைமணி, முக்கால் மணி நேரம் ஓடினால் போதும். சாக்லேட்டுக்கு இரவும் பகலுமாக இரண்டு மூன்று நாள் விடாமல் ஓட வேண்டும், சூடும் தாங்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி மாற்றி எடுத்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சின்னச் சின்னக் கைவினை சாக்லேட் பட்டறைகளில் கோவைக் கல் சுற்றுகிறது. 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை கம்பெனி முதல் சாக்லேட் கட்டியை வார்த்ததும், 1879இல் சுவிட்சர்லாந்தின் லிண்ட் நாள்கணக்கில் கிளறும் தொட்டியைக் கண்டுபிடித்ததும் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. இந்தக் கதையும் அதே பக்கத்தில் ஏற வேண்டியது என்பது என் கட்சி.

ஒரு பட்டறையில் மூடியைத் திறந்து காட்டினார்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது, விட்டால் கட்டி தட்டி நாசமாகிவிடும். பருப்பில் உள்ள கொழுப்பே கசிந்து, கல்லின் சூட்டில் குழம்பாக ஓடுகிறது. தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் எடுத்த துளி நாக்கில் நறநறத்தது, காடி நெடியும் தூக்கலாக இருந்தது. முந்தின நாள் போட்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரிலிருந்து எடுத்ததில் நறநறப்பு இல்லை, நெடி ஆவியாகப் போய்விட்டிருந்தது, திராட்சைபோல ஒரு புளிப்பு மட்டும் நின்றது. துகள் 20 மைக்ரான் அளவுக்கு வந்துவிட்டால் நாக்கால் அதைப் பிரித்தறிய முடியாது.

இப்படிப்பட்ட சாக்லேட்டைத் தின்னும் முறையும் வேறு. முதலில் ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிடுங்கள். சின்னத் துண்டை நாக்கின் நடுவில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மெல்லக்கூடாது. எனக்கு ஆனைமலைச் சாக்லேட் முதலில் புளிப்பாக வந்தது, பிறகு காய்ந்த திராட்சை, விழுங்கும்போது காப்பிக் கசப்பு. இன்னொரு தோட்டத்தது தொடக்கத்திலேயே வறுத்த கடலை வாசம். சர்க்கரை முன்னால் வந்து எல்லாவற்றையும் மறைக்காமல் இருக்க 70 சதவீதம் கோகோ உள்ளதாக வாங்குவது நல்லது. பால் சாக்லேட்டுக்குப் பழகிய என் வீட்டுக்காரர் “கசாயத்தக் கட்டியாக்கி வச்சிருக்கான்” என்று துப்பப் போனார். சிலருக்கு அப்படித்தான், வற்புறுத்த முடியாது.

விலை கேட்டால் தூக்கிவாரிப்போடும். கைக்குள் அடங்கும் ஒரு கட்டியின் விலைக்கு எங்கள் ஊரில் நாலு பேர் எண்ணெய் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வரலாம். 70 சதவீதத்தில் 100 கிராம் கட்டி செய்ய இரண்டு மூன்று காயின் விதை வேண்டும். அது போக மூன்று நாள் மின்சாரம், பதம் பண்ணும் கை, குளிர்பதன அறை. 2024இல் கோகோ விலையே தலைகீழானது. உலகத்துக்கான கோகோவில் பாதிக்கு மேல் கொடுக்கும் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைச்சல் விழ, உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. கேரளத்தில் கிலோ இருநூறு ரூபாய்ச் சொச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த உலர் விதை அந்தக் கோடையில் ஆயிரத்தைத் தொட்டது. காம்பவுண்ட் பக்கம் சாய்ந்த கடைகள் அப்போது இன்னும் கூடின. வந்த பெட்டி ஆர்டர்களின் பின்பக்கத்தைப் படித்தே எனக்கு அது தெரிந்தது. கோகோ வெண்ணெய் இருந்த இடத்தில் தாவரக் கொழுப்பு ஏறியிருக்கும், முன்பக்க டிசைன் மட்டும் மாறவே மாறாது.

வெந்நீர் குடித்து, மெல்லாமல் தின்னும் இந்த முறையை நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிலும் சோதித்துப் பார்த்தேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் ஆண்டாள் கோபுரம் அச்சடித்த பெட்டிகள் பஸ் நிலையம் முழுக்கக் கிடக்கின்றன, எது எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விறகடுப்பும் அகலச் சட்டியும் கண்ணுக்குத் தெரிகிற கடையாகப் பார்த்து நின்றேன். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது அங்கே பலர் சொல்லும் கணக்கு. வேறு எதுவும் சேர்வதில்லை. சட்டியின் பக்கங்களில் ஒட்டும் ஆடையை அந்த அண்ணன் நீளக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். “சுரண்டாம விட்டா அடிப்பிடிக்கும், ரொம்பச் சுரண்டுனா மணல் வராது” என்றார். மணல் என்று அவர் சொன்னது அந்தச் சின்னச் சின்னக் குருணையை. சூடு ஆறாத ஒரு விள்ளலை நாக்கில் வைத்தேன். முதலில் புகை, அப்புறம் சுண்டிய பாலின் இனிப்பு, குருணை கரையக் கரையக் கடைசியில் லேசாக ஒரு உப்பு. இத்தனை வருஷமாக மென்று விழுங்கியதில் அந்தப் புகையை நான் பிடித்ததே இல்லை. வெயிலைப் பற்றி இதற்குக் கவலை கிடையாது. மே மாதத்தில் விருதுநகருக்கு யாராவது வந்து கைவினை இனிப்பு எங்கே என்று கேட்டால், சாக்லேட்டை மறந்துவிட்டு இங்கே வரச் சொல்வேன்.

நல்ல சாக்லேட் வாங்கி வர மார்கழி, தை மாதங்கள் தோது. மற்ற மாதங்களில் இரவுப் பயணமாக வைத்துக்கொள்வது நல்லது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அடியில் வையுங்கள், சாக்லேட்டில் ஈரம் படக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுத்தான் ஃப்ரிட்ஜுக்குள் தள்ள வேண்டும், தின்பதற்கு அரைமணி முன்னால் டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்து வைக்க வேண்டும். குளிர்ந்த சாக்லேட்டில் சுவை எழும்பாது, சட்டென்று திறந்தால் மேலே வியர்த்துச் சர்க்கரை பூத்துவிடும். மேலே வெள்ளை பூத்துவிட்டதே என்று தூக்கி எறிய வேண்டாம், அது பூஞ்சை இல்லை. உருக்கிப் பாலில் கலந்தால் பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். டப்பாவை மட்டும் இறுக்கி மூடுங்கள். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் சாயங்காலத்துக்கு வாங்கிய மல்லிகையும் காலையில் வைத்த மீன் குழம்பும் ஒரே தட்டில்தான் இருக்கும், ஆனைமலை விதை எவ்வளவு உசத்தி என்றாலும் அவற்றோடு போட்டி போட முடியாது.